நான்காவது தட்டில் உப்பு

கஸ்தூரி ரங்கன் சாலையிலிருந்து திரும்பும் சந்தில்
பெயர்ப்பலகை இல்லாத வீடு.
"ஹோட்டல்தானா சார்? கிளினிக் மாதிரி இருக்கே"
என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான்
இறக்கிவிட்டார் ஆட்டோக்காரர்.

உள்ளே ஒரே ஒரு நீள மேசை, பத்து நாற்காலி.
எதிரில் நின்று சமையல்காரர்
இடுக்கியால் எடுத்த கொத்தமல்லிப் பூவை
மணப்பெண்ணுக்குப் பொட்டு வைப்பதுபோல் வைக்கிறார்.
ஒன்பது தட்டுகள் வருமாம்.

தணிகாசலம் இதற்கு மார்ச்சிலேயே பணம் கட்டிவிட்டார்.
வராவிட்டாலும் திருப்பித் தரமாட்டார்கள்.
ஜூனில் எனக்குக் காய்ச்சல் வந்தது.
போகும்போது அது
வாடகை பாக்கிக்குச் சாமானைத் தூக்கிப்போகிறவன்போல்
என் மூக்கையும் நாக்கையும் எடுத்துப்போனது.

யாரிடமும் சொல்லவில்லை.
பால் தீய்ந்தால் புகையைப் பார்த்து அணைப்பேன்.
ரசத்துக்கு உப்பு, ஸ்பூன் கணக்கு.
பதினோரு வாரம் ஓடிவிட்டது.

பரிமாறும் பையன் டெம்ஜென், நாகாலாந்து.
"காசிமேட்டு நண்டு, நுங்குத் தண்ணீர்,
மேலே கொஞ்சம் வைக்கோல் புகை" என்று
பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்கிறான்.
"பழம்" என்னும்போது அவன் ழகரம்
என்னுடையதைவிடச் சுத்தம்.
நான் அந்தச் சொற்களைத்தான் சாப்பிட்டேன்.
இரண்டாவது தட்டில் ஏதோ நொறுங்கியது.
நொறுங்கும் சத்தம் மட்டும்
இன்னும் என் பெயரில் இருக்கிறது.
மற்றதற்கெல்லாம் தணிகாசலத்தின் முகம்:
அவர் புருவம் உயர்ந்தால் "பிரமாதம்" என்றேன்,
அவர் கண் மூடினால் நானும் மூடினேன்.

நான்காவது, வாழைப்பூவுக்குள் எறா.
அவர் குனிந்து கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தார்.
முகம் கிடைக்காமல் நானாகச் சொன்னேன்,
"இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் டாப்."
மேசை முழுக்க ஸ்பூன்கள் நின்றிருந்தன.
அண்ணா நகர்க்காரம்மா தண்ணீர் குடித்தார்,
இன்னொரு டம்ளரும் கேட்டார்.
சமையல்காரர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"மன்னிக்கணும். உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு."
ஒன்பது தட்டுகள் அப்படியே உள்ளே போயின.
என்னுடையது, துடைத்த தட்டு.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் அவர்.
நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து
இடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று
சொல்வதுதான் இருபது வருட வேலை.
தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"எப்பலேர்ந்து?"
"ஜூன்."
ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.
ஐந்தாவது தட்டு வந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்:
நல்லாருக்கு, பரவால்ல.
அந்த மனிதர் ஒரு வாய் எடுத்து, மென்று,
என் காதருகே சாய்ந்து,
"புளிப்பு. ஆனா புளி இல்ல.
மாங்காய் காம்பைக் கிள்ளினா பால் தெறிக்குமே, அந்தப் புளிப்பு."
ஆறாவதுக்கு,
"புதுசா பெயின்ட் அடிச்ச கேட்டு.
தப்பா இல்ல, நல்ல விதமா."
ஏழாவதுக்கு நெடுநேரம் யோசித்தார்.
"மழை விட்டதும் கிண்டி ஸ்டேஷன், ரெண்டாவது பிளாட்பாரம்."
சிரித்ததில் எனக்குப் புரையேறியது.
டெம்ஜென் தண்ணீரோடு ஓடிவந்தான்,
மனப்பாடம் செய்யாத தமிழில்,
"என்னாச்சு மேடம், காரமா?"
"ஆமா" என்றேன்.

எட்டாவதுக்கு அவரிடம் சொல் இல்லை.
தலையை மட்டும் ஆட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.
ஒன்பதாவது இனிப்பு.
"இனிப்பு" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது ஆட்டோ
சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறியது.
சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.
கீழே ஆறு கறுப்பாக, விளக்குகளோடு, அழகாக இருந்தது.
"என்ன?" என்று கேட்டேன்.
பொத்திய கைக்குள்ளிருந்து, "இதுல நீ அதிர்ஷ்டசாலி."
பாதிப் பாலத்தில்
பாரபட்சம் கூடாது என்று தோன்றியதோ என்னவோ,
கையை எடுத்தார்,
நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்,
சொல்லத் தொடங்கினார்.