புதன், பத்து முதல் பதினொன்று

கேலண்டர் அட்டையின் பின்புறம் எழுதிவைத்தேன்:
புதன், பத்து முதல் பதினொன்று, விளம்பரம்.
ஆணியில் தொங்குகிறது.
மேலே வார்னிஷ் தெறித்து
'விளம்' மட்டும் தெரிகிறது.

சொந்தத் தொழில்காரனின் சட்டைக்குள்
முதலாளி, வேலையாள்,
பாக்கி வசூலிப்பவன், கடை பெருக்குகிறவன்
நாலு பேர் இருக்கிறோம்.
ஐந்தாவதாக ஒருவன் வர வேண்டும்,
'நம்ம கடைக்கு வாங்க' என்று
கூசாமல் சொல்லக்கூடியவன்.
அவனுக்குத்தான் இடமில்லை.

ராயக்கோட்டை, தக்காளி மண்டிக்குப் பின்சந்து,
மோட்டார் காயில் கட்டும் கடை.
சித்திரையில் லோ வோல்டேஜ் வந்து
சுற்றுவட்டாரப் போர் மோட்டார்களைச் சுட்டுத் தின்னும்.
வாசல்வரை கருகிய செம்பு.
சோற்றுப் பிசுக்கிலும் அந்த நாற்றம்.
அப்போது போய் விளம்பரம் செய்தால்
பைத்தியம் என்பார்கள்.

மழை இறங்கினால் மோட்டார்கள் தூங்கும்.
நேரம் கொட்டிக் கிடக்கும்.
ஆனால் கை சும்மா இருக்கிறவன்
வேலை கேட்டு நின்றால்
குரல் கடன் கேட்கிற குரலாகிவிடுகிறது.
டீ குடித்துவிட்டுத் திரும்புவேன்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
ஆயிரம் விசிட்டிங் கார்டு அடித்தேன்.
திம்மராயன் என்று பெரிதாக.
பக்கத்தில் நீல நிறத்தில்
என் ஆயுளில் நான் கட்டியிராத ஒரு மோட்டார்.
போன் நம்பரில் ஒரே ஒரு பிழை,
ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.
கண்ணில் பட்டபோது இருநூறு போய்விட்டது,
மண்டியில், உரக்கடையில், இரண்டு கல்யாணத்தில்.
மீதி எண்ணூறையும் பேனாவால் திருத்த வேண்டும்.
அதற்குத்தான் புதன், பத்து முதல் பதினொன்று.

முதல் புதன்
பஞ்சப்பள்ளிக்காரர் ஐந்து ஹெச்பியைக்
கட்டிவைத்த பிணம்போல வண்டியில் கொண்டுவந்தார்.
'பயிர் சாவுது' என்றார். பேனாவை மூடினேன்.
அடுத்த புதன் கரண்ட் இல்லை.
பதினொரு கார்டு திருத்தினேன், மை தீர்ந்தது.
அதற்கப்புறம் வந்த புதன்கள்
வியாழன்கள் மாதிரியே இருந்தன.

ஏழு மாதம் கழித்து ஒரு போன்.
திரையில் என் நம்பர்.
என்னிடமிருந்தே எனக்கு அழைப்பா?
இல்லை, ஆறின் இடத்தில் ஒன்பது.

'திம்மராயனா? காவேரிப்பட்டணத்துலேர்ந்து தில்ஷாத்.
ஜாக்கெட் தைக்கிறேன்.
உங்களுக்கு வர்ற போனெல்லாம்
நான்தான் எடுக்கிறேன்.
நாப்பத்தொரு பேர்.
ஸ்டார்ட்டர் போச்சா காயில் போச்சான்னு
இப்ப நானே கேக்க ஆரம்பிச்சுட்டேன்.
போன வாரம் ஒருத்தர்தான்
உங்க சரியான நம்பரைத் தேடிக் கொடுத்தார்.'

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

'அது கெடக்கட்டும்.
ராங் நம்பர்னு வைக்கிறதுக்கு முன்னாடி
வீட்டுல பொம்பளைங்க இருந்தா
போனைக் குடுங்கன்னு சொல்லிருவேன்.
மூணு பேர் துணி கொண்டுவந்தாங்க.
அந்தக் கார்டு இன்னும் இருக்கா?'

எழுநூற்றி எண்பத்தொன்பது, என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடியது.
பேசிக்கொண்டே தைக்கிறார்;
அவருக்கும் புதன் கிடையாது போல.
ஓட்டத்தின் அடியில்
கார்பன் பிரஷ் தேய்ந்த கரகரப்பு.
சொல்லலாமா என்று ஒரு நொடி.
'உங்க மெஷின் மோட்டார் ரொம்ப நாள் தாங்காது,
நம்ம கடைக்குக் கொண்டாங்க' என்றேன்.
சொன்னது யாரென்று
திரும்பிப் பார்த்தேன்.

இன்று புதன். பத்தேகால்.
ஒன்பதை இப்போது அடிப்பதில்லை.
அதன் மேலே 'ஜாக்கெட் தைக்க' என்று எழுதுகிறேன்,
கீழே என் ஆறு.
முப்பத்திநாலாவது கார்டில் இருக்கும்போது
வாசலில் ஒருவர் மோட்டாரை இறக்குகிறார்.
வேர்த்து ஒழுகுகிறது, பயிர் சாகிறது,
எல்லாம் தெரிகிறது.
உட்காருங்க, என்கிறேன்.
மை காயாத கார்டை நீட்டி,
'வீட்டுல யாராவது ஜாக்கெட் தைக்கிறதுண்டா?'