தண்ணிக்குக் கழிவு

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிக் கடையில்
பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க
ரெத்தினராஜா சொன்னான்:
ரத்தம் சிந்தாம எழுதினா
அது கதையே இல்ல மச்சான்.

ஒன்றும் பேசாமல் பஸ் ஏறினேன்.
எங்கள் மலையில் ரத்தம் மலிவு.
நாலரை நிறைக்கு இறங்கி வரும் கால்களில்
அட்டை விட்டுப்போன கோடு
முழங்காலிலிருந்து செருப்பு வரை.
அவர்களில் ஒருத்தியும் நாவல் எழுதியதில்லை.

பகலில் நான் கொழுந்து நிறுக்கிறவன்.
முள்ளைப் பார்ப்பேன், செக்ரோலில் எழுதுவேன்.
பதினெட்டு இருந்தால் முழுப்பேர்.
சாக்குக்கு ஒரு கிலோ கழிவு,
மழை நாளில்
தண்ணிக்கு இன்னும் இரண்டு.
இரவில் குவாட்டர்ஸ் மேசையில்
அதே பேனையால் நாவல்.

முதல் ஏழு அத்தியாயம் விளையாட்டாய் வந்தது.
சொல்ல வெட்கம்தான், தனியே சிரித்திருக்கிறேன்.
ஒரு காதல் கடிதம் மருந்துச் சீட்டோடு கலந்துபோய்
கம்பவுண்டர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு
இருமல் மருந்து ஊற்றிக் கொடுக்கிற இடத்தில்
மனைவி எழுந்துவந்து பார்த்தாள்,
ஆள் சரியாய் இருக்கிறேனா என்று.

எட்டாவதில் நின்றது.
கதையில் என்னைப்போல ஒரு கணக்கப்பிள்ளை,
பெயர் அருளாந்து. நல்லவன்.
(அப்படித்தான் அவனை வைத்திருந்தேன்.)
மழையில் அவன் தராசடியில் நிற்க வேண்டும்.
நின்றான். மூன்று மாதம் நின்றான்.
எழுதினேன், கிழித்தேன்,
விட்டிருந்த சிகரெட்டைத் தொட்டேன்,
ரெத்தினராஜாவுக்கு போன் போட்டு
ரத்தம் வருது என்றேன்.
வாழ்த்தினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, விடாத மழை.
செவனம்மாவின் சாக்கு இருபத்தொன்று.
பதினெட்டு என்று எழுதினேன்.
அவள் தலைக் கயிற்றை அவிழ்த்தபடி
சாதாரணமாய்க் கேட்டாள்:
ஐயா, அந்த ரெண்டு கிலோ தண்ணிய
ஒரு வாளியில புடிச்சுக் குடுங்க,
லயத்துல ரெண்டு நாளா பைப்பு வரல.

வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே அடுத்த சாக்கைத் தூக்கச் சொன்னேன்.

அன்றிரவு அருளாந்தும் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே கழித்தான்.
மணி ஒன்றாவதற்குள் பத்துப் பக்கம்.
சந்தோஷமா என்றால்
அவள் பேச்சை எழுதும்போது கை துள்ளியது,
அவன் சிரிப்பை எழுதும்போது
வயிறு எரிந்தது.
இரண்டும் ஒரே வரியில் வந்தன.
எதை எந்தக் கணக்கில் ஏற்ற?

கிழிக்காமல் மிச்சம் கிடந்த
மூன்று மாதத்துத் தாள்களையெல்லாம்
ஒரு சாக்கில் அள்ளிப் போட்டுத் தூக்கிப் பார்த்தேன்.
பாரம்தான்.
எந்த முள்ளும் நன்றாய் இறங்கும்.
தண்ணிக்குக் கழித்தேன்.
சாக்குதான் மிஞ்சியது.

புதன்கிழமையும் மழை.
செவனம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை,
முள்ளைப் பார்த்தாள்.
இருபது.
துரையின் ஜீப் மேல் ரோட்டில் நின்றிருந்தது.
பதினேழு என்று எழுதினேன்.
அரைப்பேர்.

ஒன்பதாவது அத்தியாயம்
இன்னும் வரவில்லை.