வழக்கமாக எவ்வளவு?

ஏழாம் கட்டில், எண்பத்தாறுக்கு ஐம்பது.
எட்டாம் கட்டில், நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரவு பதினொன்றே கால்.
ஜன்னல் கம்பிவரை வந்து நிற்கிறது பனி.

இருவருக்கும் காலில் காயம்.
யோகராணிக்குக் கானில் இறங்கியபோது கம்பி கிழித்தது.
சுகததாசவுக்கு லொறியின் பின்கதவு.
சிவப்பு இருவருக்கும் முழங்காலை நெருங்கிவிட்டது.
செப்சிஸ் என்று தலைப்பிட்ட சுவர்த் தாள் ஒன்றுதான்:
தொண்ணூறுக்குக் கீழே என்றால் ஓடு,
கிலோவுக்கு முப்பது மில்லி சேலைன் ஏற்று.

ஏழுக்கு ஓடினேன்.

நகத்தை அழுத்தி விட்டு
நிறம் திரும்பும்வரை எண்ண வேண்டும்.
எங்கே தெரியப்போகிறது நிறம்,
பதினெட்டு வருடக் கொழுந்துக் கறைக்குள்?
"முட்டியில அழுத்துங்க டொக்டர்" என்றார் பெர்ணதேத்து மிஸ்ஸி.
இரண்டு எண்ணுமுன் திரும்பிவிட்டது.

தலையணைக்கடியில் பொலித்தீன் உறை,
உள்ளே கிளினிக் கொப்பி.
தை: எண்பத்தெட்டு. மாசி: எண்பத்தைந்து.
சித்திரையில் மை நனைந்து, எண்பத்து ஏதோ.
அடியில் சிவப்பில்: சுருங்கிய வால்வு.
முப்பது மில்லியையும் மொத்தமாக ஊற்றியிருந்தால்
தன் நெஞ்சுக்குள்ளேயே முங்கியிருப்பாள்.
"எப்பவும் இதுதான் டொக்டர்,
இதோடதான் மலை ஏறுறேன்."

அப்போதுதான் எட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
நல்ல எண். காய்ச்சல்கூட இல்லை.
சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பிரசர் மாத்திரை.
போனில் மகள் அழுதுகொண்டே சொன்னாள்,
அப்பாவுக்கு நூற்று எழுபதுக்குக் குறைந்ததே இல்லையாம்.
நூற்றுப் பதினெட்டு!
கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் போன லொறி,
முள் மட்டும் அசையாமல் நிற்கிறது.
முட்டியை அழுத்தினேன்.
ஐந்து எண்ணியும் வெள்ளை.

எட்டுக்கு வேகமாக.
ஏழுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக,
நூறு மில்லிக்கு ஒருமுறை முதுகில் காது வைத்து,
கரகரப்பு ஏறுகிறதா என்று.
மருந்து அளக்க அவளை நிறுத்தோம், முப்பத்தெட்டு.
"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சிராதீங்க" என்றாள்,
நடுக்கத்தோடு.

இரத்தப் போத்தல்கள் விடியலில் கண்டிக்குப் போயின.
மூன்றாம் நாள் தாளில்
இருவர் பெயருக்கு நேரேயும் ஒரே கிருமி.
அதற்கு முன்பே சுகததாசவும் கண்டிக்குப் போயிருந்தார்,
ஐ.சி.யூ. கட்டில் தேடி.
நேற்று மிஸ்ஸி மகளுக்குப் போன் பண்ணினார்.
எடுக்கவில்லை.

சுவர்த் தாளில் பென்சிலால் ஒரு கோடு கீறி
எழுதியிருக்கிறேன்: வழக்கமாக எவ்வளவு?
பெரிய டொக்டர் பார்த்தார், அழிக்கவில்லை.
ஈரத்துக்கு அந்த மூலை மட்டும்
பசை விட்டு நிற்கிறது.