வரிசை எண் இருபத்தேழு

ஊர்ப் பேரிலேயே ஞாயிறு இருக்கிறது,
தலைஞாயிறு.
ஆனால் ஐப்பசி மூன்றாம் வாரத்தில்
கண்ணாடியைச் சன்னல் பக்கம் எப்படித் திருப்பினாலும்
அகப்படுவது மேகம்தான்.
கரண்டும் இல்லை.

நாற்பத்தொரு பேருக்கு ஒரு நுண்ணோக்கி.
ஜெயசீலி டீச்சர் பீரோவிலிருந்து அதை
ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில்,
எண்ணெய் ஊற்றிய குத்துவிளக்கை இடம் மாற்றுவதுபோல்
தூக்கி வந்தார்.
"தொடாதீங்க. கண்ணை மட்டும் கொண்டு வாங்க."

தண்ணீர் அரிச்சந்திரா நதியினுடையது.
காலையில் மதகடியில் இறங்கி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் மொண்டு வந்தவன் அறிவொளி.
அடியில் வண்டல், மேலே வைக்கோல் துணுக்கு.
ஒரு சொட்டு. அதன்மேல் மெல்லிய சில்லு.
குமிழி விழாமல் மூட மூன்று தடவை ஆனது.

அட்டெண்டன்ஸ் வரிசையில் வரச் சொன்னார்.
"தெரியுதா?"
"தெரியுது டீச்சர்."
"தெரியுதா?"
"நல்லாத் தெரியுது டீச்சர்."
பிலவேந்திரன் "அடேயப்பா" என்றே சொன்னான்.

என் எண் பத்தொன்பது.
எனக்கு ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாது,
மூடினால் மற்றதும் கூடவே மூடிக்கொள்ளும்.
உள்ளங்கையால் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தேன்.
கறுப்பு.
குதிருக்குள் எட்டிப் பார்த்த கறுப்பு.
பிறகு அதில் கோரைபோல் நாலைந்து கோடுகள் அசைந்தன.
இமைத்தேன். அவையும் இமைத்தன.
என் கண்மயிர்.
பின்னால் இருபத்திரண்டு பேர் கால் மாற்றி நிற்கிறார்கள்.
"தெரியுதா?"
"தெரியுது டீச்சர்," என்றேன். "ஒண்ணு ஓடுது."
அரிச்சந்திரன் பேர் கொண்ட ஆறு
சொட்டாகக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது.

செங்கமலம் இருபத்தேழு.
போனாள். குனிந்தாள். நிமிரவில்லை.
முன்னால் விழுந்த சடையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு
மறுபடி குனிந்தாள்.
"இல்ல டீச்சர்."
"என்ன இல்ல?"
"ஒண்ணுமே இல்ல."
சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே.

டீச்சர் வந்தார்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்,
லென்ஸ் வட்டை விரலால் தடவினார்.
பத்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றிருந்தது அது,
எந்த வாய்க்காலுக்கும் திறக்காத மதகு மாதிரி.
டக்.
அவ்வளவுதான், ஒரு டக்.
யார் திருப்பியதோ,
முதல் ஆள் வருமுன்பே திரும்பியிருந்ததோ.
இருபத்தாறு பேர் பார்த்திருக்கிறோம்.

டீச்சர் திட்டவில்லை.
"காலையில செட் பண்ணினதோட சரி,
நானும் திரும்பப் பாக்கல,"
என்று கரும்பலகையிடம் சொன்னார்.
இருபத்தேழிலிருந்து நகர்ந்தது வரிசை.
எங்களுக்குச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு.

சத்துணவு முட்டை வாசம் போகக்
கை கழுவிவிட்டு வந்தேன்.
கண்ணாடியை நானே திருப்பினேன்,
வானத்துக்கு அல்ல, சம்பா வயலில் தேங்கி நின்ற
தண்ணீர் வெளிச்சத்துக்கு.
பெரிய திருகு. அப்புறம் சின்னத் திருகு,
மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும்.
வட்டம் வெளுத்தது.
வைக்கோல் துணுக்கு தென்னைமட்டை அளவுக்குக் கிடந்தது.
அதில் ஒன்று வந்து முட்டியது,
பின்வாங்கியது,
கொஞ்சம் திரும்பி மறுபடி முட்டியது.
செருப்பு வடிவம் என்கிறது பாடப்புத்தகம்.
செருப்பு கழற்றிவிட்ட இடத்தில் கிடக்கும்.
இது இடப்பக்கம் நழுவி வட்டத்தைவிட்டுப் போகப் பார்த்தது.
பிடிக்க நினைத்து ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினேன்,
மொத்தமாய்க் காணாமல் போனது.
"அது ஓடுற பக்கமே தள்ளு,"
என்றாள் செங்கமலம், பக்கத்தில் நின்று.
தள்ளினேன். வந்தது.

ரெக்கார்டு நோட்டில் படத்தை
முந்தின நாளே வரைந்து வைத்திருந்தேன்,
புத்தகம் பார்த்து, பாகம் குறித்து.
அவள் நோட்டில் 'கண்டறிந்தவை'க்குக் கீழே முதல் வரி:
11.40 வரை இருட்டு.
அதற்கும் ஒரு சிவப்பு டிக் விழுந்திருந்தது.

ரப்பரை எடுத்துச் செருப்பின் நுனியிலிருந்து
அழிக்கத் தொடங்கினேன்.
கண்மயிரை எந்தப் பக்கம் வரைவதென்று
யோசித்துக்கொண்டிருக்கையில்
மணி அடித்துவிட்டது.