வலப்பக்கம் வெள்ளை

உதவி திறக்கவில்லை என்றுதான்
அவள் தொடங்கினாள்.
இரவு ஒன்பதே முக்கால்.
விக்ரோலியில் மழை
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

பிவண்டி கிடங்கிலிருந்து ஷகுஃப்தா மோமின்.
லேபிள் அச்சடிக்கும் எந்திரத்தில்
சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டி நிற்கிறதாம்,
மறுபடி மூன்று முறை.
வாசலில் நாசிக் லாரி.
ஓட்டுநர் இரண்டாவது டீயையும் குடித்துவிட்டார்.

எஃப் ஒன்றை அழுத்தினேன், என்றாள்.
இடப்பக்கம் தலைப்பெல்லாம் வருகிறது:
காகிதம் மாற்றுதல், மை நாடா, விளக்குகளின் பொருள்.
தொட்டால்
வலப்பக்கம் வெள்ளை.

எனக்கு அந்த வெள்ளையைத் தெரியும்.
பலகையில் பொங்கல் வடை பூரி என்று எழுதிவிட்டு
அடுப்பே மூட்டாத கடை.

காரணத்தை எப்படிச் சொல்வது?
என் இந்தியில்
கோப்பு ஆணா பெண்ணா என்பதே
பதினோரு வருடமாகத் தீரவில்லை.
அது உங்களிடம் இல்லை,
இங்கே என் காலடியில், சர்வரில் இருக்கிறது,
கம்பி வழியாக வரும் உதவியை
உங்கள் கணினி நம்புவதில்லை.
இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள்
ஹாரன் ஒருமுறை கேட்டது.
சம்பளச் சீட்டு மட்டும் எப்படித் திறக்கிறது என்றாள்.
நியாயமான கேள்வி.
அடுத்ததற்குப் போய்விட்டேன்.

உங்கள் திரைக்கு நகலெடுங்கள்.
கோப்புறையோடு எடுத்தாள்.
வலது கிளிக். பண்புகள். அடியில் பாருங்கள்,
பொடி எழுத்தில் ஒரு வாக்கியம்.
ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்:
இந்தக் கோப்பு வேறொரு கணினியிலிருந்து வந்தது,
இந்தக் கணினியைப் பாதுகாக்கும்பொருட்டுத்
தடுக்கப்பட்டிருக்கலாம்.

லாம்.
தடுத்து முடித்த பிறகு சொல்கிற லாம்.
வாடகைக்கு வீடு கேட்டுப் போன படிகளில்
நான் கேட்டிருக்கிறேன் இதை.
அவள் என்னைவிட அதிகம் கேட்டிருப்பாள்.
பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்,
டிக் செய்யுங்கள், என்றேன்.

வெள்ளை.

மூடிவிட்டுத் திறங்கள்.

வெள்ளை.

அப்படியானால் பாதையைப் படியுங்கள்,
எழுத்தெழுத்தாக, புள்ளியைக்கூட விடாமல்.
படித்தாள்.
கோப்புறையின் பெயரில், நாலாம் எண்ணுக்கு முன்னால்
எவனோ அழகுக்குப் போட்ட ஒரு ஹாஷ்.
குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு,
சன்னல் கம்பி மாதிரி.
அதைக் கண்டால் இந்த ரகக் கோப்பு
அங்கேயே நின்றுவிடும்.
எடுத்துவிடுங்கள் அதை.

வந்துவிட்டது சார்!
பக்கம் முழுக்க எழுத்து.
ஒருமுறை சிமிட்டினால் காகிதம் இல்லை.
இருமுறை, மூடி திறந்திருக்கிறது.
மும்முறை:
உங்கள் கணினி நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.

போனில் கொஞ்ச நேரம்
பிவண்டி மழையும் விக்ரோலி மழையும்
பேசிக்கொண்டன.
பிறகு அவள் கேட்டாள்,
அது நீங்கள்தானே?

நான்தான்.
எனக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைச் சொன்னேன்:
அணைத்துவிட்டுப் பத்து எண்ணுங்கள்.
வாய்விட்டு எண்ணினாள்.
ஏழில் நிறுத்தி, இருங்கள் என்றாள்.
மூடி தூக்கும் சத்தம்.
ஒட்டுக்காகிதம் பிய்யும் சத்தம்.
உருளையைச் சுற்றிக் கிடந்ததாம்
மாலேகான் முகவரியோடு ஒரு பழைய லேபிள்.

பச்சை, என்றாள். வைத்துவிட்டாள்.

புகாரை மூடும் பக்கத்தில்
தீர்வு என்ற கட்டம் மட்டும் காலி.
கர்சர் சிமிட்டியது.
ஹாஷ் நீக்கப்பட்டது என்று எழுதினேன்.
பொய்யில்லை.