சுட்டால் வெடிக்கும்

பதினோரு வருடத்தில் எத்தனை பீப்பாய் செய்தேன் என்று
எண்ணிப் பார்த்ததில்லை.
கோரமங்களாவில் இருந்தவரை மரப்பீப்பாய்,
இரும்புப் பட்டை மூன்று, உடைத்தால் காசு.
பெல்லந்தூருக்கு ஆபீஸ் மாறியதும் தகரம்.
சிவப்பு. சுட்டால் வெடிக்கும்.
எந்த ஊரில்
தெருவுக்கு நாலு சிவப்புப் பீப்பாய்
யாருடையதென்றே தெரியாமல் நிற்கும்
என்று சுஹாஸைக் கேட்டேன்.
சுடுகிறவன் ஊரில், என்றான்
திரையைவிட்டுத் திரும்பாமல்.

ஏழாம் பாகம் வந்தது.
ஆறாம் பாகத்தின் அதே தாடிக்காரன்,
அதே செத்துப்போன மகள்,
அதே மழையில் அதே முழங்கால்.
எனக்கு வந்த தாளில் ஒரே வரி:
'பீப்பாய். அதேபோல. ஆனால் புதுசாக.'

அது மார்ச் மாதம்.
கசவனஹள்ளியில் எங்கள் போர்வெல்
கொஞ்சம் சேற்றைத் துப்பிவிட்டு ஓய்ந்திருந்தது.
டேங்கர் எப்போது வரும் என்பது
வாட்ச்மேன் நிங்கப்பாவுக்கு மட்டும் தெரியும்.
விடிகாலை நாலரைக்கு அவர் விசில் ஊதினால்
மூன்று மாடியும் படியில் ஓடும்.
அப்படி ஓடி, தூங்காமல் போய் உட்கார்ந்த ஒருநாள்
அந்த நீல டிரம்மைச் செய்தேன்.
வாயோரம் வெயிலில் வெளுத்தது,
உருட்டி உருட்டி அடியில் விழுந்த கீறல்,
பக்கத்தில் பெயிண்டில் 3-பி,
உள்ளே முக்கால் தண்ணீர்,
தண்ணீரில் மிதக்கும் ஒரு பச்சை மக்.
கைப்பிடியில் விரிசல்கூட வைத்தேன்.

இரவு ஒன்பதுக்கு ரெவ்யூ.
அங்கே அவர்கள் இன்னும் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.
'இதற்குள் என்ன?'
தண்ணீர்.
'வெடிக்குமா?'
தீர்ந்துபோகும்.

திரையில் எல்லா முகமும் உறைந்தன.
நெட்வொர்க்கா நானா தெரியவில்லை.
வினுதா எனக்காக ஒருதரம் வாதாடினாள்.
ஒருதரம்தான்.
பதினாலு பேர் சம்பளம்
அந்த அழைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு அடித்தேன். 3-பி-யை அழித்தேன்.
தண்ணீரைப் பெட்ரோல் ஆக்கினேன்.
மக்கை எடுக்க மறந்துவிட்டேன்
என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ரிலீஸ் ஆன இரவு
ஏதோ துறைமுகத் தெருவில் நின்று சுட்டேன்.
தீ, புகை, ஓர் ஆளின் தொப்பி,
அத்தனைக்கும் மேலே
பச்சையாய் ஒன்று எழும்பி
நிதானமாய்ச் சுழன்று
ஈரக் கல்லில் டப்பென்று விழுந்தது.
அடுத்ததைச் சுட்டேன். அதற்கடுத்ததை.
தெருவில் பீப்பாய் தீர்ந்ததும்
வெளியே வந்து
ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டு வருடம் கழித்து
வேறொரு கம்பெனியின் ஆட்டத்தில்
பீப்பாய் வெடித்தது, பச்சையாய் ஒன்று பறந்தது.
அப்புறம் இன்னொன்றில்; அதில் மூடி வேறு போட்டிருந்தார்கள்.
அப்புறம் ஒரு செல்போன் ஆட்டம்,
பீப்பாயே கிடையாது,
வானம் முழுக்கப் பச்சை மக்,
பிடித்தால் பத்துப் புள்ளி.

நேற்று புது ப்ராஜெக்ட்டின் தாள் வந்தது.
'பீப்பாய், சிவப்பு. உள்ளே வழக்கமான பச்சைக் கிண்ணம்.'
வழக்கமான.
கூடவே மாதிரிப் படம்:
நகலெடுத்து நகலெடுத்துக்
கைப்பிடி உதிர்ந்திருந்தது.

இதற்குச் சந்தோஷப்படலாமா என்றேன்.
சம்பளம் ஏறிவிட்டதா பார், என்றான் சுஹாஸ்.

கைப்பிடி வைத்துப் பார்த்தேன்.
மாதிரியில் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.
எடுத்துவிட்டு
கோப்பைச் சேமித்து
வீட்டுக்கு வந்து படுத்தேன்.

நாலரைக்கு விசில்.
எங்கள் மக்கின் கைப்பிடி
போன கோடையிலேயே உடைந்துவிட்டது.
இரண்டு கையாலும் பிடித்துத்தான் மொள்கிறோம்.