பத்தில் ஒன்று

மீட்டரில் கடைசி எண் ஒருமுறை புரள
ஆறு நிமிடம்.
மணியில் பத்தில் ஒன்று.
முப்பத்தெட்டு டாலர்,
பெட்ரோலும் கார்வரும் சேர்த்து.

கன்வேயர் பெல்ட்டின் ஓரம் நின்று
வெடித்த செர்ரிகளைப் பொறுக்கி எறிந்தால்
மணிக்குப் பதினேழு.
பிடித்தம் போக, பஸ் போக,
இரண்டரை மணி நேரம் அங்கே நின்றால்
ஆறு நிமிடம் நிற்கலாம்
காற்றில்.

நிற்பதுதான் கஷ்டம் என்கிறான் கார்வர்.
முன்னால் போவதை யாரும் கற்றுக்கொள்வார்கள்.
தரைக்கு ஐந்தடி மேலே
அசையாமல் நிற்க
எனக்குப் பதினொரு மணி நேரம் ஆனது.
அது எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கவில்லை.
பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

இருபது மணி நேரத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால்
ஐந்து சதவீதம் தள்ளுபடி என்று
ஆபீஸில் வெர்னா ஒவ்வொரு முறையும் சொல்வாள்.
ஒவ்வொரு முறையும் முதன்முறை கேட்பதுபோல் கேட்டுக்கொள்வேன்.
பிறகு உறையைப் பிரித்து எண்ணுவேன்.
ஒருமுறை எட்டு டாலர் சில்லறையாக இருந்தது.
அவளும் கூடவே எண்ணினாள்,
நாணயங்களை உயரம் பார்த்து அடுக்கி.

வங்கியில் ஜாமீன் கேட்டார்கள்.
படிவத்தில் சொத்து என்ற கட்டத்துக்கு எதிரே
எழுத எங்களிடம் ஒரு மினிவேன்.
அதன் பின்கதவு உள்ளிருந்து திறக்காது.
அதை எழுத இடமில்லை.

கார்வருக்கு வயது இருபத்து மூன்று. கடன் எண்பதாயிரம்.
அவன் அப்பா டிராக்டரை ஈடு வைத்துக் கையெழுத்துப் போட்டாராம்.
நான் காசு கட்டிப் பறக்கும் நேரம்
அவன் கணக்கிலும் ஏறுகிறது.
ஆயிரம் மணி சேர்ந்தால் எங்காவது வேலை கிடைக்கும்.
ஆகவே நான் பறக்காத வாரம்
அவன் என்னைவிட வாடிப்போகிறான்.

எனக்கு ஒன்பது வயது அப்போது. ஜூன், விடியாத நேரம்.
யாக்கிமாவில் பழம் பறிக்க வந்து
மழை விடட்டும் என்று வேனுக்குள் காத்திருந்தோம்.
தோட்டத்துக்காரர் அழைத்த ஹெலிகாப்டர் ஒன்று
மரத்தலைகளுக்குச் சற்று மேலே, வரிசை வரிசையாக,
ஆமை வேகத்தில் ஊர்ந்து
பழத்தில் தங்கிய நீரை விசிறித் தள்ளியது.
நீர் தங்கினால் செர்ரி வெடித்துவிடும்.
மழை பெய்தால் எங்களுக்குக் கூலி இல்லை.
மழை பெய்தால்தான் அவனுக்குக் கூலி.
"நிற்பதற்கே காசு வாங்குகிறான் பார்" என்றாள் அம்மா.
அவள் அதைத் திட்டாகத்தான் சொன்னாள்.

பதினான்கு புள்ளி மூன்றாவது மணியில்
கார்வர் சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜினைத் தணித்தான்.
இடது கை நெம்புகோலைக் கீழே அழுத்து, உடனே!
அழுத்தினேன்.
வயிறு மேலே வர, வயல்கள் விரிந்து வர,
இறக்கைகளை வெறும் காற்றே சுழற்ற
விழுந்துகொண்டிருந்தோம்.
அப்போதுதான் கவனித்தேன்:
இந்த இயந்திரத்தில்
நெம்புகோல் கீழே இருந்தால் மீட்டர் ஓடாது.
விழுவதற்குக் கட்டணம் இல்லை.

இருபது விநாடி இலவசம்.
பதினெட்டு முறை விழுந்தால் பத்தில் ஒன்று மிச்சம்,
இரண்டரை மணி நேரம் மிச்சம்,
வெடித்த பழம் எத்தனை...
"வெளியே பார், ஒத்திலியா!
தரை வருகிறது, தரையைப் பார்!"

இன்று முப்பத்தொன்று புள்ளி ஆறு.
உறையில் நான்கு டாலர் இருபது சென்ட்.
நாளை மழை என்கிறது ரேடியோ.
பெய்தால் பழம் வெடிக்கும்.
வெடித்தால் பெல்ட்டில் எனக்கு இரட்டை ஷிப்ட்,
அதாவது பன்னிரண்டு நிமிடம், ஒருவேளை பதினெட்டு.
கார்வரின் முதலாளி
மூன்று இயந்திரங்களுக்கும் டேங்க் நிரப்பி வைத்துவிட்டார்.

அம்மா நாளை பறிக்கப் போக வேண்டும்.
ஏணியை வேன் மேல் கட்டிக்கொண்டிருக்கிறாள்.
நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.
கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது.
அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினோம்.